கடும்வெட்டுக்குக் கொடுத்த உலகம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இதுவரை பிறந்த மனிதர்களில் யாராலும் ஏமாற்ற முடியாதவர் ராபின்சன் மாமா ஒருவர்தான். இதைச் சொன்னவரும் ராபின்சன் மாமாதான். சாட்சிக்கு அவர் யாரையும் கூப்பிட்டதில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

“மக்கா அகிலேஷே, என்னெ ஏமாத்தணும்னா அவன் இனி பிறந்து வரணும். பிறந்தாலும் தனுவச்சபுரம் தாண்டதுக்கு முன்ன நான் கண்டுபிடிச்சிருவேன். பொய்யிக்கு ஒரு மணம் உண்டு, கேட்டியா.”

“என்ன மணம் மாமா?”

“புளிச்ச ரப்பர்பாலுக்க மணமாக்கும்.”

அவர் அதைச் சொன்ன இடம் அவருடைய ரோலர்புரை. ரப்பர்பாலை ஷீட்டாக அடிக்கும் அந்தக் கொட்டகையில் புளித்த பாலைத் தவிர வேறு மணமே கிடையாது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. கல்லூரி பஸ் வரும்வரை அங்கே எனக்கு ஓசியில் கட்டன்சாயா கிடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டு மரங்களின் பாலும் அந்த ரோலரில்தான் ஷீட்டாகும். அம்மா வாளியை என் கையில் கொடுத்துவிடுவாள். நான் போய்ச் சேரும்போது ராபின்சன் மாமாவின் பெண்டாட்டி சுகிர்தபாய் மாமி பாதிநாள் வேலையை முடித்திருப்பாள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவாள். மரத்துக்கு மரம் குனிந்து, நேற்றைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து இடுப்புச் சாக்கில் போட்டு, கத்தியை வைத்து ஒரு இழுப்பு. பட்டை நூல்போலச் சுருண்டு விழும். பால் சாலில் ஓடிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும்போது அவள் அடுத்த மரத்தில் இருப்பாள். கத்தி ஒரு மயிரிழை கூட இறங்கினால் மரத்துக்குக் காயம். குறைந்தால் பால் இல்லை. வெயில் ஏறுமுன் பாலை எடுத்து, தட்டத்தில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைப்பாள். உறைந்ததை ஷீட்டாக்குவது மாமாவின் வேலை. அதாவது, மாமி பாலை ரோலரில் நுழைப்பாள். மாமா கைப்பிடியைச் சுற்றுவார். சுற்றும்போது உலகத்தைப் பற்றிப் பேசுவார்.

அந்த உலகம்தான் பிறகு பிரச்சினையானது.

உலகத்தை முடித்துவைக்க வந்தவன் பெயர் சஜு. திருப்புறத்துக்காரன். சின்ன வயதில் சர்ச் கொயரில் டிரம் அடித்தான். டிரம் மட்டும் கேட்டது, பாட்டு கேட்கவில்லை என்று சபையார் அவனை நிறுத்தினார்கள். பிறகு மைக் செட் வைத்தான். அதற்கும் பிறகு கடும்வெட்டு காண்டிராக்ட் எடுத்தான். வயதான ரப்பர் மரத்தைச் சும்மா முறித்து விற்கமாட்டார்கள். முறிப்பதற்கு முன்னால் அதைக் கடும்வெட்டுக்குக் கொடுப்பார்கள். எடுத்தவன் ஏணி சாத்தி, மேலேயும் கீழேயும் நாலு பக்கமும் கீறி, மரத்தில் இருக்கிற பாலையெல்லாம் ஒட்ட இறக்குவான். மரம் பிழைக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. பிழைக்கக்கூடாது என்றுதானே கொடுத்திருக்கிறார்கள்.

சஜுவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எடுத்த தோட்டத்தின் எல்லையோடு அவன் கத்தி நிற்காது. ஒரு மழைக்காலம் முழுக்க ராபின்சன் மாமாவின் எல்லையோர மரங்களில் பால் குறைந்தது. பட்டை நோய் என்று மாமா கண்டுபிடித்து, மரம்மரமாக மருந்து பூசினார். வெட்டினது சஜு என்று மாமி சொன்னாள். “சஜுவா? அவன் என் முன்னால நின்னா வெறைப்பான்,” என்றார் மாமா.

பிறகு சஜுவுக்கு டெங்கு வந்தது. எழுந்து வந்தபோது உபதேசியாகியிருந்தான். காய்ச்சல் உச்சத்தில் இருக்கையில் ஒரு தூதன் வந்தானாம், தோளில் ஏணியோடு.

குமாரி என்று சஜுவுக்கு ஒரு பெரியம்மா. பிள்ளையில்லாதவள். மாமிக்கு அவள் பழைய கூட்டு. இரண்டு பேரும் ஒரே முதலாளியின் தோட்டத்தில் வெட்டக் கற்றவர்கள். குமாரியின் வீடு சரியாக எல்லைக்கல்லின்மேல் நின்றது. அடுக்களையும் கிணறும் கேரளம், முன்னறை தமிழ்நாடு. சஜு அந்த முன்னறையை ஜெபவீடாக்கினான். எந்த மாநிலமும் கேட்க வராத ஒரு சபையைத் தொடங்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மாமி குமாரிக்குத் துணையாக ஒருநாள் போனாள். குமாரியின் வீட்டுக்கு வாளி திருப்பிக் கொடுக்க நானும் அன்றைக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று கேட்டேன்.

“கடும்வெட்டு வெட்டுத மரத்துல பால் கூடுமா, கொறையுமா?” என்று சஜு கேட்டான்.

“கூடும்,” என்றார்கள். இருந்தவர்கள் எல்லாம் வெட்டுக்காரர்கள்.

“கூடும்! கண்டமானிக்கு ஒழுகும். பாத்தோண்டு நிக்குத மடையனுக்கு சந்தோசம். ஆனா உடையவனுக்குத் தெரியும், இது கடைசிப்பாலுன்னு. இப்ப பாருங்க. முந்தி இல்லாத ரோடு உண்டு. வீட்டுக்கு வீடு காறு உண்டு. கைக்குக் கை போன் உண்டு. எங்கேருந்து வந்தது இவ்வளவு பால்? சிந்திச்சியளா? தேவன் உலகத்த கடும்வெட்டுக்குக் குடுத்தாச்சு மக்களே! நாலு பக்கமும் ஏணி சாத்தியாச்சு!”

உள்ளே ஒரு பெருமூச்சு எழுந்தது. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் ஒரு லெக்சரரும் இவ்வளவு பொருத்தமாக உதாரணம் சொல்லி நான் கேட்டதில்லை. மாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கத்தி பிடித்துக் காய்த்த கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேதியும் சொன்னான். மலையாளக் கணக்கில் மேடம் பத்து, தமிழில் சித்திரை பத்து, சூரியன் உதிக்கும் நேரம். எங்கள் பக்கத்தில் சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் கன்றும் கிழங்கும் நடுகிற நாள் அது.

மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் வைத்துவிட்டு மாமி அதைச் சொன்னபோது மாமா தட்டைத் தள்ளிவைத்துச் சிரித்தார். காரக்கோணத்தில் நர்சிங் படிக்கும் மகள் ஜோஸ்னா லீவுக்கு வந்திருந்தாள். எனக்கும் ஒரு தட்டு இருந்தது.

“மேடம் பத்தா? ஊரெல்லாம் கன்னு நடும்ப ஆண்டவரு பிடுங்குதாராக்கும். கொள்ளாம். ஏட்டி சுகிர்தம், அப்ப ஜோஸ்னாவுக்கு மாப்பிள பாக்காண்டாம்.”

“எனக்கு சம்மதம்,” என்றாள் ஜோஸ்னா.

“களியாக்காதீங்க,” என்றாள் மாமி.

“களியாக்காம? ஊரான் மரத்த வெட்டினவன் இப்ப உலகத்தயே வெட்டுதானா? அவனுக்கு ஏணி வைக்க எடம் வேணுமே!”

“அவரு வெட்டுதாருன்னு சொல்லல்ல. வெட்டுதது தெரியுதுன்னு சொல்லுதாரு.”

“அவரா!” மாமா என்னைப் பார்த்தார். “கேட்டியால மக்கா? அவராம்!”

“அம்மா, பிரஷர் குளிகை தின்னியா?” என்று கேட்டாள் ஜோஸ்னா.

மாமி மீன் சட்டியை மூடினாள். “இனி எதுக்கு மோளே. உள்ள நாளுக்கு ஒடம்பு தாங்கும்.”

ஜோஸ்னா எழுந்து போய் குளிகைப் பட்டையைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். சாப்பாடு முடியும்வரை அது அங்கேயே கிடந்தது. மாமா அன்று முழுக்க நல்ல குஷியில் இருந்தார். சிரிக்க ஒரு விஷயம் கிடைத்தால் அதற்குள் வேறு எதுவும் இருக்காது என்பது அவருடைய நம்பிக்கை.

கும்ப மாதத்தில், அதாவது மாசியில், ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும். மரத்துக்கு அது ஓய்வு. யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். அப்படி ஒரு காலையில் மாமாவின் தோட்டத்தில் ஏணி உரசும் சத்தம் கேட்டது. மாமா பல் தேய்த்த பிரஷோடு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். சஜுவின் ஆட்கள். கிழட்டு மரங்களை விட்டுவிட்டு, போன வருடம்தான் முதல் கத்தி வைத்த இளமரங்களில் ஏறியிருந்தார்கள். பட்டை தடித்துத் தொங்க, வெட்டு எலும்புவரை போயிருந்தது. பால் சிரட்டையில் நிற்காமல் தூரோடு வழிந்து மண்ணில் வெள்ளையாகக் கிடந்தது.

“எலே, எறங்குலே! எவன் சொன்னான் ஒனக்கு?”

ஏணியில் நின்றவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். “சேச்சி சொன்னாவ அண்ணா.”

அந்தப் பூமி மாமிக்கு அவளுடைய அப்பா கொடுத்தது. சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டு. மாமி இரண்டு மரங்களுக்கு நடுவே நின்றாள்.

“ஏட்டி, இளமரமில்லியா! இருவது வருசம் பால் தருத மரமில்லியா!”

“இருவது வருசம் எங்க உண்டு? மேடம் பத்துக்கு இன்னும் எவ்வளவு கெடக்கு? பட்டைய மிச்சம் வச்சு ஆருக்குக் குடுக்க?”

“நீ நட்டதுல்லியா ஏட்டி…”

“ஆமா, நான் நட்டது. நான்தான் ஒட்டுக்கெட்டினேன், நான்தான் தண்ணி கோரினேன்.” பக்கத்து மரத்தின் வெட்டில் கையை வைத்தாள். பால் விரலிடுக்கில் ஒழுகியது. “இதுகளும் கஷ்டப்படாம தீரட்டும்.”

மாமா பிரஷை வீசி எறிந்தார். அது யார்மீதும் படவில்லை. ஸ்டேஷனுக்குப் போவேன் என்றார். பெண்டாட்டி தன் பூமியில் தன் மரத்தை வெட்டுகிறாள் என்று எந்த ஸ்டேஷனில் சொல்வது என்று நான் கேட்டேன். அவர் என்னையும் கொஞ்சம் திட்டினார். அந்த வாரமே மாமி ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு ஜெபவீட்டுக்குப் போய்விட்டாள். கத்தியைக்கூட எடுத்துப் போகவில்லை.

“எங்க போவா? மேடம் பத்துக்கு சூரியன் உதிக்கும். உதிச்சா வெக்கப்பட்டு வருவா,” என்றார் மாமா.

மேடம் பத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வருடம் தமிழ்நாட்டில் சித்திரை ஒருநாள் முந்திப் பிறந்திருந்தது. அதனால் ஜெபவீட்டின் தமிழ்நாட்டு விசுவாசிகள் கேரளத்துக்காரர்களுக்கு ஒருநாள் முன்பே வெள்ளையுடுத்து, கிழக்கே பார்த்து நின்று, சூரியன் சாதாரணமாக வந்ததும் அழுதுகொண்டு உட்கார்ந்தார்கள். சஜு வெளியே வந்து, இது ஒத்திகை என்றான்.

மறுநாள் விடியலில் மாமா ஒரு கட்டு மரச்சீனிக் கம்பும் மண்வெட்டியுமாகப் போனார். ஜெபவீட்டுக்கு எதிரே இருந்த தோட்டம் அவருடைய ஸ்நேகிதனுடையது. வேண்டுமென்றே அங்கே குழி வெட்டி நடத் தொடங்கினார். ஒவ்வொரு கம்புக்கும் ஒரு சத்தம்.

“சஜுவே! இந்தக் கெழங்கு தைமாசம் பிடுங்கணும். நீ வருவியா? ஒனக்கு ரெண்டு மூடு மாத்தி வைக்கவா?”

யாரும் திரும்பவில்லை. வெள்ளைச் சேலையில் மாமி முன்வரிசையில் நின்றாள். அவள் பக்கத்தில் குமாரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், காலில் துணி சுற்றியிருந்தது. சூரியன் வந்தது. ரப்பர் மரங்களுக்கு மேலே சிவந்து, மஞ்சளாகி, பிறகு பார்க்க முடியாமல் ஆனது. மாமா மண்வெட்டியை ஊன்றி நின்று கைதட்டினார்.

“உதிச்சாச்சு! எல்லாரும் வீட்டுல போய் சாயா குடிங்க!”

சஜு கையை உயர்த்தினான். குரல் நடுங்கவில்லை. “கணக்கு தப்பல்ல பிள்ளைகளே. எண்ணத் தொடங்கின நாள் தப்பு. கர்த்தர் எனக்கு இப்ப காட்டித்தந்தாரு. சிங்கமாசம் ஒண்ணாந்தேதி, ஆவணி பெறக்குத நாளு!”

“அல்லேலூயா,” என்றது கூட்டம். மாமியின் குரல் அதில் தனியாகக் கேட்டது.

மாமா எங்கள் வீட்டுக்குத்தான் நேரே வந்தார். அன்றைக்கென்று நெய்மீன் வாங்கிவைத்திருந்தார். அதை என் அம்மாவிடம் கொடுத்தார்.

“ஷியாமளே, தேதி மாத்துதான் பாத்தியா? கல்யாணத்துக்குத் தேதி மாத்தினா பொண்ணுவீட்டுக்காரன் விடுவானா? கேட்டோண்டு நிக்குதுவளே, இதுகளுக்கு நாணம் வேண்டாமா? ஒருக்க ஏமாந்தா மனுசன். தேதி மாத்தி மாத்தி ஏமாறுதவன வேற என்னன்னு சொல்ல?”

“சுகிர்தம் வந்தாளா?” என்று கேட்டாள் அம்மா.

“நீ மீன வை,” என்றார் மாமா.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ரோலர்புரையில் அதே பேச்சுதான். வருகிறவர்களுக்கெல்லாம் சஜுவைப்போலக் கையை உயர்த்தி நடித்துக் காட்டினார். நன்றாக நடித்தார். கட்டன்சாயாவைத்தான் இப்போது நானே போட வேண்டியிருந்தது.

வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை தொடங்கியது. ஜோஸ்னா ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் குளிகை கொண்டுபோய், நனைந்து திரும்பி வந்தாள். குளிகை கையிலேயே இருந்தது.

“குமாரி மாமி பாயில கெடக்குதா. கால் அழுவி கறுத்துப்போச்சு. மூச்சுல பழம் மணக்குது. அவளுக்க இன்சுலினெ ஒக்கெ சஜு கெணத்துல எறிஞ்சானாம். இண்ணைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவல்லன்னா செத்துப்போவாப்பா. அம்மா பக்கத்துல இருந்து விசிறி வீசுதா!”

முதல்முறையாக மாமா ஒன்றும் நடித்துக் காட்டவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வந்தது. சஜு வாசலில் மழையில் நின்று, மிக அன்பாக, பெரியம்மாவுக்கு இஷ்டமில்லை என்றான். உள்ளேயிருந்து குமாரியே மெலிந்த குரலில் வேண்டாம் என்றாள். ஆம்புலன்ஸ் போய்விட்டது.

பிறகு நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஜோஸ்னாவுக்கு மலையாளம்தான் எழுத வரும். அந்தப் பக்கம் தேவைப்பட்டால் தமிழில் எழுத நான். இந்தப் பக்கத்துக் கேரள எஸ்.ஐ. மனுவைப் பொறுமையாக வாசித்தார்.

“ஈ ஸ்தலம் பகுதி தமிழ்நாடல்லே?”

“பகுதி கேரளம் சார்,” என்றாள் ஜோஸ்னா.

“ரோகி கிடக்குன்னது ஏது பகுதியிலா?”

ஜோஸ்னா யோசித்தாள். குமாரி கிடந்தது நடு அறை. “தலை தமிழ்நாட்டில. கால் கேரளத்தில.”

“காலுலயாக்கும் சார் புண்ணு,” என்று மாமா எடுத்துக்கொடுத்தார்.

“பக்ஷே, சிகித்ச வேண்டா என்னு பறயுன்னது வாயல்லே?” என்றார் எஸ்.ஐ.

சிகிச்சை வேண்டாம் என்று சொன்ன அந்த வாய் தமிழ்நாட்டில் இருந்தது.

அந்தப் பக்கம் போனோம். நான் தமிழில் எழுதினேன். அங்கிருந்த அதிகாரி திருநெல்வேலிக்கு அப்பாலிருந்து வந்தவர். “வீட்டு நம்பர் கேரளா, கரண்டு கேரளா, ஓட்டு கேரளா. அவங்க ஒரு லெட்டர் குடுக்கட்டும். அந்தம்மா சின்னப் பிள்ளையா? வேணாங்கறவங்கள நாங்க தூக்கிட்டா போக முடியும்?” என்றார். லெட்டருக்குத் திரும்பி வந்தோம். லெட்டர் எழுதுகிறவர் லீவில் இருந்தார். மாமா நடுரோட்டில் மழையில் நின்று இரண்டு மாநிலங்களையும் மாறிமாறிக் கெட்டவார்த்தை சொன்னார். ஒரு பஸ்காரன் ஹார்ன் அடித்துவிட்டு, சுற்றிப் போனான்.

இரண்டு நாள் இப்படி அலைந்தோம். மூன்றாம் நாள் ஜெபவீட்டில் பாட்டுச் சத்தம் கூடுதலாகக் கேட்டது, நிற்கவேயில்லை. சாம்பிராணிப் புகை மழையைத் தாண்டி எங்கள் வீடுவரை வந்தது. பெரியம்மா உறங்குகிறாள், எழும்புவாள் என்று சஜு சொல்லியிருந்தான். அவள் எழும்பவில்லை. சாம்பிராணி மறைக்க முடியாத மணம் வந்தபிறகு இரண்டு பக்கத்துப் போலீசும் ஒரேநேரத்தில் வந்தார்கள், பின்னால் டி.வி.க்காரர்களும். அதுவரை யாருக்கும் வேண்டாத வீடு இப்போது இரண்டு மாநிலத்துக்கும் வேண்டியிருந்தது. சஜுவை எந்த ஜீப்பில் ஏற்றுவது என்று எல்லைக்கல்லின் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார்கள். அவன் இரண்டுக்கும் நடுவே ஒரு குடைக்கடியில் நின்றான். குடை பிடித்தது ஒரு போலீஸ்காரர்.

மாமி பின்பக்கத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் வாக்குமூலம் வாங்கியாகிவிட்டது. மாமா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் ஜோஸ்னாவும் கிணற்றோரம் நின்றோம்.

“எழும்பு. வீட்டுக்குப் போவலாம்,” என்றார் மாமா.

“போயி?”

“போயி… இருக்கலாம்.”

“காலத்த எழும்பி ஆரு வெட்டுவா?”

“நான் வெட்டுதேன்.”

“ஒங்களுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது.”

அது உண்மை. மாமா வேறு வழியில் வந்தார். “சஜு கள்ளன் ஏட்டி. குமாரியெ கொன்னுபோட்டான். இனியும் ஒனக்கு மனசிலாவல்லியா?”

“குமாரிக்க தலை எனக்க மடியிலயாக்கும் கெடந்தது. அவ போனது எனக்கா தெரியாது?”

“தெரியும்னா வா!”

“வந்தா?” மாமி அவர் பக்கம் திரும்பினாள். “அவன் சொன்னது பொய்யின்னா நான் யாரு? தண்ணி கேட்டா குடுத்தேன். ஊசி கேட்டா, குடுக்கல்ல. கடைசியில கேட்டா, சுகிர்தம், ஊசி இருக்கான்னு. அது பொய்யின்னா நான் கொலைகாரியாக்கும். எனக்கு உலகம் முடிஞ்சுதான் தீரணும்.”

மாமா அவள் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார்.

“நீங்க நல்ல மனுசன்தான்,” என்றாள் மாமி. “ஆனா ஒண்ணு சொல்லுதேன். கல்யாணம் கழிஞ்ச நாள்முதல் நான் எழும்பி வெட்டுதேன். பனியிலயும் வெட்டினேன், இவளெ வயித்துல வச்சோண்டும் வெட்டினேன். எல்லாரும் நாளைக்கும் வெட்டணும்னுதான் சொன்னிய. அவன் ஒருத்தன்தான் போதும்னு சொன்னான்.”

ஜோஸ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புனலூரைத் தாண்டித் தென்மலைப் பக்கம் ஒரு விசுவாசிக்குத் தோட்டம் இருந்தது. மிச்சமிருந்தவர்கள் அங்கே போவதற்கு மறுநாள் ஒரு வேன் வந்தது. போலீஸ் தடுக்கவில்லை, கூப்பிட்டால் வருவோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாமி வேனில் ஏறும்முன் மாமாவிடம் வந்தாள்.

“நீங்களும் வாங்க. ஒங்களுக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கேன்.”

“நான் வந்தா ஒங்க உலகம் இன்னும் சீக்கிரம் முடிஞ்சிரும்,” என்றார் மாமா, பழக்கதோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. வேன் கதவு சரியாக அடையாமல், உள்ளேயிருந்து ஒரு கை அதை இழுத்துப் பிடித்திருந்தது. யாருடைய கை என்று தெரியவில்லை.

வழக்கு இரண்டு மாநிலத்திலும் பதிவானது. எந்தக் கோர்ட்டில் நடத்துவது என்பதற்கு மூன்றாவதாக ஒரு வழக்கு வந்தது. அந்த இடைவெளியில் சஜு ஜாமீனில் வெளியே வந்து தென்மலைக்குப் போய்ச் சேர்ந்தான். சிங்க மாதம் ஒன்றாம் தேதி வந்தது, போனது. அவன் வேறு தேதி சொன்னான் என்று கேள்விப்பட்டோம். மாமாவிடம் அதைச் சொன்னேன். கையை உயர்த்தி நடிப்பார் என்று எதிர்பார்த்தேன். “அப்பிடியா,” என்றார்.

இளமரங்கள் ஒவ்வொன்றாக நுனியிலிருந்து காய்ந்தன. கிழட்டு மரங்கள் மட்டும் பிழைத்தன. மாமா விடியலில் மாமியின் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய் அவற்றை வெட்டக் கற்றார். மரமெல்லாம் காயம். கிடைக்கும் பாலை அவரே சுமந்து வந்து, அவரே உறைய வைத்து, ரோலரில் நுழைக்கவும் சுற்றவும் ஓடி ஓடி நின்றார். நான் போனால் நுழைத்துக் கொடுப்பேன். பேச்சு குறைந்துவிட்டது.

ஜோஸ்னாவுக்கு மங்களூரில் வேலை கிடைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் அப்பாவைக் கூட்டிப்போக வந்தாள். ரோலர்புரை வாசலில் நின்றே சொன்னாள்.

“வீட்டப் பூட்டுங்கப்பா. இந்த வாரமே போவலாம்.”

“கிறிஸ்மஸு கழியட்டும் மோளே.”

“எதுக்கு?”

மாமா கைப்பிடியைச் சுற்றினார். “அவ கிறிஸ்மஸுக்கு வருவா.”

“ஓணத்துக்குன்னு சொன்னிய.”

“ஓணத்துக்கு மழையில்லியா. அந்தப் பக்கம் மலை இடிஞ்சு உருள்பொட்டல்லாம் உண்டு. அதுல எப்பிடி வருவா?”

“பொறவு சர்ச்சு அசன விருந்துக்குன்னு சொன்னிய. சர்ச்சுல அம்மாவுக்கு எல பிடிச்சோண்டு இருந்தியளாம். பக்கத்துல ஆரையும் இருக்க விடல்லியாம்.”

“அது நான் யோசிக்காம சொன்னது. அசனத்துக்கு ஊரு கூடும்லா, எல்லாரும் குமாரியெ பத்திக் கேப்பாவ. அவ வரமாட்டா. எனக்கு அப்ப அது தோணல்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கும் உத்தேசம் அந்தக் குரலில் இல்லை. “கிறிஸ்மஸு அப்பிடியில்ல. வீட்டோட உள்ள காரியம். ஒரு கிறிஸ்மஸுக்கும் அவ இஞ்ச இல்லாம இருந்ததில்ல. நீயும் வந்தா, அவ நிச்சயமாட்டு வருவா.”

எனக்குச் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் வாயில் இருந்தது. தேதி மாத்தி மாத்தி ஏமாறுகிறவர்களைப் பற்றி அவர் சொன்ன வாக்கியம்தான். நான் உறைந்த பாலை எடுத்து ரோலரில் நுழைத்தேன். ஷீட் மறுபக்கம் மெல்ல இறங்கியது. ஜோஸ்னா அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அது முழுக்க வெளியே வந்ததும் கொடியில் தொங்கப்போட்டாள்.

“எந்த வண்டிக்கு வருவா?” என்று கேட்டாள்.

“புனலூர் வண்டிக்கு,” என்றார் மாமா. “முன்பெட்டியில ஏறமாட்டா. பின்பெட்டிதான். நாம பிளாட்பாரத்துக்க அந்தத் தலைக்க நிக்கணும்.”